பீட்சாவுக்கு முன்னால் இட்லி: ஒரு மளிகைக்கடைக் கணக்கு

ஃபாஸ்ட் ஃபுட் என்றாலே அது அமெரிக்கச் சரக்கு என்று ஒரு நினைப்பு நம் ஆட்களுக்கு உண்டு. பீட்சா, பர்கர், பெரிய கண்ணாடிக் கதவு, தொப்பி போட்ட பையன். ஆனால் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் சுடச்சுட தட்டு வந்து, பதினைந்து நிமிடத்தில் கை கழுவி, இருபதாவது நிமிடத்தில் பில் கட்டிவிட்டு வெளியே வருகிற சமாச்சாரத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இட்லிக் கடை பீட்சாக் கடையைவிட வேகமானது. இந்தியாவில் டோமினோஸின் முதல் கடை 1996 ஜனவரியில் டெல்லியில் திறந்தது. அதே வருடம் பெங்களூரில் பீட்சா ஹட் வந்தது, டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் வந்தது. அதற்குப் பதினைந்து வருடம் முன்பே, 1981 டிசம்பர் 14-ஆம் தேதி, சென்னை கே.கே. நகரில் ஓர் இட்லி தோசைக் கடை திறந்தாயிற்று. பெயர் சரவண பவன்.

அந்தக் கடையின் கதையைப் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் சொல்கிறார்கள். ஒன்று, மேசை துடைத்த பையன் உலகம் முழுக்கக் கிளை திறந்த தன்னம்பிக்கைக் கதை. இன்னொன்று, கொலை வழக்குக் கதை. இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதை யாரும் அதிகம் புரட்டுவதில்லை. புரட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கு கே.கே. நகரில் தொடங்கவில்லை என்பது தெரியும். அது தொடங்குவது தூத்துக்குடி மாவட்டத்தில், ஆழ்வார்திருநகரிக்குக் கொஞ்சம் தெற்கே.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் ஏறினால் ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆழ்வார்திருநகரி வரும். அடுத்து நாசரேத், அதற்கடுத்து கச்சனாவிளை. சில மைல் தூரம்தான். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வேறு நாடுகளைக் கடந்த மாதிரி இருக்கும். ஆழ்வார்திருநகரி தாமிரபரணிக் கரை ஊர். பழைய பெயர் திருக்குருகூர். நம்மாழ்வார் பிறந்த ஊர், அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம் கோயிலுக்குள் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் நெல், வாழை, குளம், கால்வாய். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வாய்க்கால் தண்ணீர் எட்டுகிற வரை நஞ்சை. தண்ணீர் எட்டாத இடத்தில் செம்மண் மேடும் பனைமரமும். அந்தச் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். குதிரைமொழித் தேரி அந்தப் பக்கத்தில் பிரசித்தம்.

நஞ்சைக்காரனுக்கு வருடத்துக்கு இரண்டு அறுப்பு. தேரிக்காரனுக்கு பனை. காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கி, பதநீர் இறக்கி, அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது. பருவம் முடிந்தால் வருமானமும் முடிந்தது. மரத்திலிருந்து விழுந்தால் குடும்பமே விழுந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் இனிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த இனிப்பைக் காய்ச்சியவர்களின் பிள்ளைகள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய விஷயம்.

போனார்கள், நிறையப் போனார்கள். தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர்கள் உண்டு. பம்பாய்க்கும் சென்னைக்கும் போனவர்கள் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் சொந்தக்காரர் கடையில் பொட்டலம் கட்டச் சேருவான். சாப்பாடு, படுக்க இடம், வருடக் கடைசியில் கொஞ்சம் பணம். பத்து வருடம் கழித்து அவன் தனியாக ஒரு கடை போடுவான், ஊரிலிருந்து இன்னொரு பையனைக் கூட்டி வருவான். சென்னையில் எந்தத் தெருவில் மளிகைக்கடை இருந்தாலும் அதற்கு ‘அண்ணாச்சி கடை’ என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய சமூக வரலாறு உண்டு. நாடார் சமூகம் கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த காலம் அது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றது. வடக்கே விருதுநகர், சிவகாசி பக்கத்து வியாபாரிகள் அதற்கு முன்பே தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அதன் பெயர் மகமை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை உறவின்முறைக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பொதுப்பணத்தில் பேட்டை கட்டுவார்கள், கிணறு வெட்டுவார்கள், பள்ளிக்கூடம் நடத்துவார்கள். அரசாங்கம் வரி போடுவதற்கு முன் தனக்குத்தானே வரி போட்டுக்கொண்ட வியாபாரிகள்! 1910-ல் நாடார் மகாஜன சங்கம் வந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பேங்க் தொடங்கியது. 1962-ல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பேங்க் என்று மாறியது, தலைமை அலுவலகம் இன்றும் தூத்துக்குடிதான்.

மளிகைக்கடைக் கணக்கு ரொம்ப எளிமையானது, ரொம்பக் கறாரானது. ஒரு கிலோ புளியில் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. அந்தச் சில்லறையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சம்பாதிக்கிறோம் என்பதில்தான் வாழ்க்கை. மூட்டையாக வாங்கிக் கைப்பிடியாக விற்க வேண்டும். சரக்கு அலமாரியில் தூங்கினால் பணம் தூங்குகிறது. கெட்டுப்போனால் பத்து நாள் லாபம் ஒரு நாளில் போகிறது. கடை வாடகை மாறாது, பையன் சாப்பாட்டுச் செலவு மாறாது. ஆகவே கூட்டம்தான் தெய்வம். ஐந்து பைசா குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை, ஆள் நாளைக்கும் வர வேண்டும். இதெல்லாம் வணிகவியல் பாடப் புத்தகத்தில் ஸ்டாக் டர்ன்ஓவர் என்று ஒரு அத்தியாயமாக வரும். அண்ணாச்சிகள் அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டே படித்தார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்தான் பி. ராஜகோபால். கச்சனாவிளைக்குப் பக்கத்தில் இருக்கும் புன்னையடியில் 1947-ல் பிறந்தவர். (அப்போது அது திருநெல்வேலி ஜில்லா, தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-ல்தான்.) அப்பா வெங்காய வியாபாரி. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஓட்டலில் மேசை துடைத்தார், பாத்திரம் கழுவினார், டீ போடக் கற்றுக்கொண்டார். பிறகு சென்னை, மளிகைக்கடை. 1970-களில் கே.கே. நகர் சென்னையின் ஓரத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்பு. வீடு இருந்தது, ஓட்டல் இல்லை. 1979-ல் அவர் கடைக்கு வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, மதியச் சாப்பாட்டுக்கு தி. நகர் வரை போக வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டாராம். நெருப்பு சம்பந்தப்பட்ட தொழில் செய்தால் விளங்கும் என்று ஒரு ஜோசியரும் சொன்னாராம். ஜோசியம் சரியோ தப்போ, அந்த விற்பனைப் பிரதிநிதி கொடுத்தது சுத்தமான மார்க்கெட் ரிசர்ச்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை சென்னையில் சைவ ஓட்டல் என்றால் பெரும்பாலும் உடுப்பி ஆட்களின் ராஜ்யம். கே. கிருஷ்ண ராவ் 1938-ல் உட்லண்ட்ஸ் தொடங்கினார். கே. சீதாராம ராவின் தாசப்பிரகாஷ் வந்தது. சமைப்பவர் இன்னார் என்பதே அந்தக் கடைகளுக்கு ஒரு விளம்பரமாக இருந்த காலம். ஓட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருப்பதை எதிர்த்து 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் நடத்தினார். அந்தப் பலகைகள் இறங்கி கால் நூற்றாண்டு ஆவதற்குள், தேரிக்காட்டுப் பக்கத்து வெங்காய வியாபாரியின் மகன் சைவ ஓட்டல் திறக்கிறார், நகரம் வரிசையில் நிற்கிறது. முருகன் பெயர், கிருபானந்த வாரியார் படம், சுத்தமான சமையலறை. யார் சமைத்தது என்ற கேள்விக்குப் பதிலாக எப்படிச் சமைத்தது என்ற கேள்வியை அந்தக் கடை முன்னால் வைத்தது. சட்டமும் மறியலும் திறந்த கதவு வழியாக வியாபாரம் உள்ளே போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு வருவோம். ஆரம்பத்தில் மாதம் பத்தாயிரம் ரூபாய் அளவுக்கு நஷ்டம் என்று சொல்லப்படுகிறது. 1981-ல் பத்தாயிரம் என்பது பெரிய பணம். மட்டமான சரக்கு வாங்கு, ஆளுக்குச் சம்பளத்தைக் குறை என்று ஆலோசனை சொன்னவரை ராஜகோபால் அனுப்பிவிட்டாராம். நல்ல எண்ணெய், நல்ல காய், கொஞ்சம் கூடுதல் சம்பளம், விலையோ குறைவு. பார்க்கிறவருக்கு இது பைத்தியக்காரத்தனம். மளிகைக்கடைக்காரருக்கு இது பழக்கமான கணக்கு. முதல் ஆறு மாதம் ஆளைப் பிடி, பிறகு காசைப் பார்.

ஏன் இது பலிக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் கற்பனைதான், விஷயம் புரிவதற்காக. ஒரு கடையில் 60 இருக்கை. காலை டிபன் நேரம் மூன்று மணி. ஒருவர் சாப்பிட்டு எழ 20 நிமிடம் என்றால் ஒரு இருக்கையில் ஒன்பது பேர் உட்காரலாம், மொத்தம் 540 பேர். 40 நிமிடம் என்றால் 270 பேர்தான். வாடகை ஒன்றே, சம்பளம் ஒன்றே, அடுப்பு எரிவது ஒன்றே. ஆகவே முதல் கடை தட்டுக்கு ஒரு ரூபாய் லாபம் வைத்தாலும் இரண்டாவது கடை இரண்டு ரூபாய் வைக்க வேண்டும். விலை ஏறினால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் விலை இன்னும் ஏறும்... அந்தச் சுழலில் மாட்டி மூடிய ஓட்டல்கள் எத்தனையோ. மேசைக்குப் பக்கத்தில் அடுத்த ஆள் வந்து முறைத்துக்கொண்டு நிற்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. கல்லாவில் இருப்பவருக்கு அதுதான் சங்கீதம்.

இட்லிக்கு இந்தக் கணக்கில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. தோசை ஒவ்வொன்றாகக் கல்லில் வார்க்க வேண்டும், ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும். இட்லி ஒரே ஈட்டில் டஜன் கணக்கில் வெந்துவிடும். அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று, புளித்தால் மாவு பொங்கும், அந்தப் பொங்கலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் இல்லை. ஆனால் மாவு காத்திருக்காது. நேற்றைய மாவு இன்றைக்கு ஊத்தப்பம் ஆகலாம், நாளைக்குக் குப்பை. அதனால் காலை ஆறு மணிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முந்தின நாள் மாலையே தெரிய வேண்டும். கூட்டம் நிலையாக இருக்கிற கடைக்கு மட்டும்தான் அது தெரியும். சரவண பவனின் பதினான்கு குட்டி இட்லி, மினி டிபன் எல்லாம் இந்த இடத்தில்தான் அர்த்தமாகின்றன. அதே மாவு, அதே சாம்பார், வேறு தட்டு, கூடுதல் விலை. பீட்சாக்காரர்கள் ஒரே மாவில் மேலே தூவுவதை மாற்றி இருபது பெயர் வைப்பது மாதிரி.

தட்டின் மேல் வட்டமாக நறுக்கிய வாழை இலை போடுவதும் அந்த மாதிரி ஒரு யோசனை. சாப்பிட வருபவருக்குப் புது இலை. தட்டைக் கழுவுபவருக்கு அடுத்தவர் எச்சிலைச் சுரண்டும் வேலை மிச்சம். நேரமும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். ஒரு காலத்தில் தானே பாத்திரம் கழுவியவருக்குத்தான் இது தோன்றும்.

இனி பீட்சாப் பக்கம் கொஞ்சம். டோமினோஸைத் தொடங்கிய டாம் மோனகன் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1960-ல் மிச்சிகன் மாநிலம் இப்சிலாண்டியில் தம்பியோடு சேர்ந்து 900 டாலர் கடன் வாங்கி ஒரு சின்னப் பீட்சாக் கடையை எடுத்தார். தம்பி எட்டு மாதத்தில் தன் பாதிப் பங்கைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் காரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். (வரலாற்றின் மிக விலை உயர்ந்த கார் அதுவாகத்தான் இருக்கும்!) மோனகன் செய்த பெரிய காரியம் பீட்சாவை ருசியாக்கியது அல்ல. உட்கார இடமே வேண்டாம் என்று முடிவு செய்தது. இருக்கை இல்லை என்றால் பெரிய இடம் வேண்டாம், மெயின் ரோடு வேண்டாம், வாடகை பாதி. மேசை வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறது, நாம் ஏன் இன்னொன்று வாங்க வேண்டும்? மாவு ஒரே மையத்தில் தயாராகி லாரியில் வரும். அடுப்பு தானே நகரும். கடையில் வேலை செய்பவருக்குச் சமைக்கத் தெரிய வேண்டியதில்லை, விதிமுறை தெரிந்தால் போதும்.

இந்தியாவில் டோமினோஸை நடத்துவது ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ், 2010-ல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி. பெயரையும் முறையையும் பயன்படுத்த அமெரிக்கத் தாய்க் கம்பெனிக்கு விற்பனையில் சுமார் 3 சதவீதம் ராயல்டி கட்டுகிறது. அதன் மூலப்பொருள் செலவு விற்பனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதாவது நூறு ரூபாய் பீட்சாவில் மாவு, சீஸ், தக்காளி, அட்டைப் பெட்டி எல்லாம் சேர்த்துச் சுமார் 25 ரூபாய். மீதியில்தான் சம்பளம், வாடகை, பைக், விளம்பரம், ராயல்டி, லாபம். இட்லிக் கடை இப்படி விலை வைக்க முடியாது. ஏனென்றால் இட்லி எவ்வளவுக்கு ஆகும் என்று சாப்பிட வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் தெரியும், வீட்டில் தினமும் அரைக்கிறார்கள். பீட்சா வீட்டில் என்ன விலை ஆகும் என்று யாருக்குத் தெரியும்? தெரியாத பண்டத்துக்குத்தான் லாபம் அதிகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்க ஆரம்பித்தபோது ஓட்டல்காரர்களுக்கு இந்தத் தலைவலி இன்னும் கூடியது. அரசு மானியத்தில் விற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு ரூபாய் என்ற எண் தலைக்குள் உட்கார்ந்துவிடுகிறது அல்லவா? 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அப்போது சாம்பார் வாளியோடு மேசை மேசையாகச் சுற்றும் கடைக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! பீட்சாவுக்குத் தொட்டுக்கொள்ள யாரும் மூன்றாவது தடவை சாம்பார் கேட்பதில்லை.

அப்படியானால் பண்டத்தில் கிடைக்காத லாபத்தைச் சரவண பவன் எங்கே எடுத்தது? ஒரு பகுதி கூட்டத்தில், அதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. இன்னொரு பகுதி ஆட்களில். பீட்சாக் கடை விதிமுறையால் நடக்கிறது, இட்லிக் கடை மாஸ்டரால் நடக்கிறது. மாவு புளித்தது போதுமா என்று புத்தகம் சொல்லாது, கை சொல்லும். அந்தக் கை வேலையை விட்டுப் போனால் ருசியும் கூடவே போய்விடும். ஆகவே ஓட்டல் தொழிலில் மிகப் பெரிய செலவு சம்பளம் இல்லை, ஆள் மாறுவது. பழகிய ஆள் போய்ப் புது ஆள் வந்து பழகும் வரை உடையும் தட்டு, தீயும் தோசை, திரும்பி வராத வாடிக்கையாளர். இந்தச் செலவு எந்த நோட்டிலும் எழுதப்படுவதில்லை.

இதற்கு ராஜகோபால் கண்ட வழி பழைய மளிகைக்கடை வழிதான். தன் ஊர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பையன்களைக் கூட்டி வந்தார். தங்க இடம், சாப்பாடு, வைத்தியச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மகள் கல்யாணத்துக்குப் பணம். ஓட்டல் வேலை என்றால் அடிமை வேலை என்றிருந்த காலத்தில் இது சாதாரணம் அல்ல. கடையில் வேலை செய்தவர்கள் அவரை முதலாளி என்று மட்டும் பார்க்கவில்லை, அண்ணாச்சி என்று பார்த்தார்கள். உறவின்முறை மகமை கொடுத்து ஊரைக் காப்பாற்றியது போல, இங்கே ஓட்டலே ஊழியரைக் காப்பாற்றியது. பதிலுக்கு அவர்கள் போகவில்லை. தேரிக்காட்டிலிருந்து வந்த பையனுக்கு வேறு எங்கே போக இடம்?

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. மகமைப் பணத்துக்குக் கணக்குக் கேட்க ஊர் கூடும். உறவின்முறையில் ஒருவர் பெரியவர் என்றாலும் அவரைக் கேள்வி கேட்க இன்னும் பத்துப் பேர் உண்டு. ஓட்டலில் அது இல்லை. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் எல்லோரும். கல்யாணத்துக்குப் பணம் கிடைத்தது, ஆனால் அது உரிமையாகக் கிடைக்கவில்லை, தயவாகக் கிடைத்தது. தயவுக்குச் சங்கம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, நன்றி மட்டும்தான் உண்டு. பிறகு நடந்ததை இந்தக் கோணத்தில் பார்க்கிறவர்கள் குறைவு.

நடந்தது ஊருக்கே தெரியும். தன்னிடம் உதவி மேலாளராக வேலை பார்த்தவரின் மகளை மூன்றாவது மனைவியாக்கிக்கொள்ள ராஜகோபால் விரும்பினார். அந்தப் பெண் மறுத்து வேறு ஒருவரை மணந்தார். 2001 அக்டோபரில் அந்தக் கணவர் கடத்திக் கொல்லப்பட்டார், உடல் கொடைக்கானல் மலைப்பகுதியில் கிடைத்தது. 2004-ல் விசாரணை நீதிமன்றம் ராஜகோபாலுக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. 2009-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜூலை 9-ஆம் தேதி ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தவர் ஜூலை 18-ஆம் தேதி இறந்துபோனார். உடன் தண்டிக்கப்பட்டவர்களில் அவரிடம் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். ஒரு ஊழியரின் குடும்பத்துக்கு எதிராக வேறு ஊழியர்கள்! முதலாளி சொன்னால் மறுக்க முடியாத அளவுக்குக் கடன்பட்டவர்களை ஒரு தொழில் உருவாக்கினால், அந்தக் கடன் தோசை வார்ப்பதோடு நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அந்தப் பெண் பின்வாங்காமல் கடைசி வரை நின்றதால்தான் வழக்கு நின்றது. பணத்துக்கும் பயத்துக்கும் மசியாத ஒரு ஆள் அந்தக் கணக்கில் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

வழக்கு நடந்த வருடங்களில் கடை சுருங்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். 2000-ல் துபாயில் முதல் வெளிநாட்டுக் கிளை திறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சிங்கப்பூர், லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று நீண்டது. 2014 வாக்கில் இந்தியாவில் முப்பதுக்கு மேற்பட்ட கிளைகள், வெளிநாட்டில் அதைவிட அதிகம். வெளிநாட்டில் பெரும்பாலும் உரிமம் கொடுக்கும் முறைதான், கிட்டத்தட்ட பீட்சாக்காரர்கள் முறை. பெயரும் பக்குவமும் சென்னையிலிருந்து, முதல் உள்ளூர்க்காரருடையது. ஆனாலும் சமைக்கும் கை மட்டும் இங்கிருந்து விமானம் ஏறியது. நகரும் அடுப்பு வைத்துச் சமாளிக்க இட்லி என்ன பீட்சாவா? கொழும்புக்குக் கப்பலேறிய பையனின் பேரன் பாரிஸுக்கு விசா எடுத்துப் போனான், வித்தியாசம் அவ்வளவுதான். சாப்பிட வந்தவர்களும் வழக்கைப் பற்றி மேசையில் பேசினார்கள், பேசிக்கொண்டே காபியும் குடித்தார்கள். வாடிக்கையாளருக்கு முதலாளியின் குணம் பில்லில் வருவதில்லை.

மோனகனுக்கும் ராஜகோபாலுக்கும் இன்னொரு ஒற்றுமை. இருவருமே சம்பாதித்த பணத்தில் கடவுளுக்குக் கட்டினார்கள். மோனகன் 1998-ல் கம்பெனியைச் சுமார் நூறு கோடி டாலருக்கு பெயின் கேப்பிடலிடம் விற்றுவிட்டு, கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் அதைச் சுற்றி ப்ளோரிடாவில் ஒரு ஊரும் உருவாக்கப் போனார். ராஜகோபால் புன்னையடியில் பெருமாள் கோயில் கட்டினார். கச்சனாவிளை ஸ்டேஷனில் இறங்கினால் கோபுரம் தெரியும், வனத்திருப்பதி என்று பெயர். பக்கத்தில் ஆழ்வார்திருநகரி முதலான நவதிருப்பதிக் கோயில்களுக்கு வேன் பிடித்து வருகிறவர்கள் இங்கேயும் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறார்கள். அவருடைய தாத்தா காலத்தில் எத்தனையோ பேர் உள்ளே நுழையத் தடை இருந்த கோயில்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில், அந்த வம்சத்தில் ஒருவர் தானே ஒரு பெருங்கோயில் கட்டினார். அது சின்ன விஷயம் இல்லை. கட்டியவர் கொலைக் குற்றவாளி என்பதும் சின்ன விஷயம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வேற்றுமையும் உண்டு. மோனகன் விற்றுவிட்டுப் போக முடிந்தது. ஏனென்றால் அவர் கட்டியது ஒரு முறை, அவர் இல்லாமலும் மாவு லாரி வரும். ராஜகோபால் கட்டியதில் பாதி அவரேதான். அண்ணாச்சி என்ற பதவியை யாரிடம் என்ன விலைக்கு விற்பது? அவருக்குப் பின் தொழில் குடும்பத்தின் கைக்குப் போனது.

இன்றைக்கு இட்லிக் கடையின் எதிரி பீட்சாக் கடை இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இருக்கைக் கணக்கு மொத்தமும் ஒரே நாளில் பூஜ்யமானது. 60 இருக்கை, மூன்று மணி நேரம், யாரும் இல்லை. பார்சலும் செயலி வழி விற்பனையும்தான் கதி என்றானது. ஸ்விக்கியும் சொமாட்டோவும் ஒவ்வொரு ஆர்டரிலும் எடுக்கும் கமிஷன் பல கடைகளுக்கு நூற்றுக்கு இருபதைத் தாண்டும். தட்டுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடுகிற தொழிலில் இது எங்கிருந்து வரும்? 2017 நவம்பரிலிருந்து ஓட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆனால் வாங்கும் சரக்குக்கும் கட்டும் வாடகைக்கும் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அது செலவில்தான் சேரும். டோமினோஸுக்கு டெலிவரி பையன் முதல் நாளிலிருந்தே கணக்கில் இருந்தான். மேசையை நம்பிக் கட்டிய கடைகளுக்கு அவன் புதுச் செலவு.

ஆட்களும் மாறிவிட்டார்கள். தேரிக்காட்டுப் பையன்கள் இப்போது இன்ஜினீயரிங் படிக்கிறார்கள், சென்னை ஓட்டல் சமையலறைகளில் மாவாட்டுவதும் மேசை துடைப்பதும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களுக்கு முதலாளி அண்ணாச்சி இல்லை. அடுத்த கடையில் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவார்கள், அதில் தப்பும் இல்லை.

1921-ல் மகமைக்காரர்கள் தூத்துக்குடியில் தொடங்கிய வங்கி 2022 செப்டம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலானது. அதன் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். சரவண பவன் இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.